ஊசியும் நூலும்

2017இல் மொறகஹகந்தை நீர்த்தேக்கத்தில் நீர் நிரப்பத் தொடங்குமுன் மாத்தளை மாவட்டத்தில் பல குடும்பங்கள் வீட்டையும் வயலையும் விட்டு இடம்பெயர்ந்தன. இவ்வாறு மூட்டை கட்டி அவிழ்க்கும்போது பாதியில் நிற்கும் கிறொஸ் தையல் வீணாகிவிடுவதுண்டு. துணி பத்திரமாக இருக்கும். நூலின் இலக்கம் தொலைந்திருக்கும்.

வழமையான நூற்கட்டொன்றில் ஆறு இழை, எட்டு மீற்றர். அதைச் சுற்றியுள்ள கடதாசிப் பட்டியில் நிறத்தின் இலக்கம் இருக்கிறது. பலர் அதைக் கிழித்தெறிந்து விடுகிறார்கள். பிறகு கடையில் "இதே சிவப்பு" என்று கேட்டால் ஐந்தாறு சிவப்பை எடுத்துப் போடுவார்கள். லாம்பு வெளிச்சத்தில் பொருந்துவது வெயிலில் பொருந்தாது. மேசை விரிப்பை வாங்க வந்தவர் வாங்காமலே போவார். ஆகவே பால்மாப் பெட்டி மட்டையின் ஓரத்தில் துளைகள் இடுங்கள். நூலை ஒரு முழமாக வெட்டி, நிறத்துக்கொரு துளையில் கொழுவி, பக்கத்திலேயே இலக்கத்தை எழுதுங்கள்.

ஊசிக்கு எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் துருவேறிய ஊசி வெள்ளைத் துணியில் விடும் கறை எளிதில் போகாது. உலர்ந்த கம்பளித் துண்டில் குத்தி, மூடியுள்ள ரின்னில் வையுங்கள். எண்ணி எடுத்து, எண்ணி வையுங்கள். முனை மழுங்கிய ஊசிதானே என்பார்கள். பாயில் தவழும் குழந்தை அதை விழுங்கினால் மழுங்கலென்ன, கூரென்ன?