கலர் அப்புறம்... முதல்ல கிராக் பாருங்க பாஸ்!

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியாச்சா? அலாய் வீல்ல புழு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடுகள் தெரியுதா? அது அழுக்கு இல்லை பாஸ், அரிப்பு! மேல் கோட்டிங்கில் கீறல் விழுந்தால், உப்பும் ஈரமும் உள்ளே புகுந்து அலுமினியத்தைத் தின்னும். கடலோர ஊர்னா இன்னும் வேகம்!

அதுக்கு மேலேயே ஸ்ப்ரே அடிச்சா, சீக்கிரமே செதில் செதிலா உரியும். டயரைக் கழற்றி, பழைய கோட்டிங்கை நீக்கி, அரிப்பை முழுசா சுத்தம் செய்யணும். அப்புறம் ரெண்டு ரூட்.

பெயின்ட்: பிரைமர், கலர், கிளியர் கோட். பின்னாடி டச்சப் பண்றது ஈஸி.

பவுடர் கோட்டிங்: மின்னூட்டம் ஏற்றிய பவுடரைத் தூவி, சுமார் 180-200 டிகிரி செல்சியஸ் அவனில் வைப்பாங்க. பவுடர் உருகிக் கெட்டியா ஒட்டிக்கும். சூடு எல்லை மீறினா அலாயின் பலமே குறையும், உஷார்!

நட்டு உட்காரும் இடத்தை மறைச்சுட்டு அடிக்கச் சொல்லுங்க. அங்கே கோட்டிங் தடிமனா இருந்தா, நட்டு லூஸாகும்.

முக்கியமான மேட்டர்... கோட்டிங் விரிசலை மறைக்கும், ஒட்ட வைக்காது! பழைய கோட்டிங்கை உரிச்சதும் நேர்ல போய்ப் பாருங்க. விரிசல் இருந்தா, யோசிக்காம வீலையே மாத்துங்க.

காருக்கு ஸ்டெப்னி இருக்கு. உங்களுக்கு?