கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் வந்துவிட்டால்...

மதுரையைச் சுற்றி மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும், கொல்லைப்புறத்தில் நாலு நாட்டுக்கோழி மேயாத வீடு குறைவு. முட்டை குழந்தைக்கு, சேவல் விற்ற பணம் அம்மாவின் சுருக்குப் பைக்கு. யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத அந்தப் பணத்துக்கு எமனாக வருவதுதான் வெள்ளைக் கழிச்சல்.

"நேத்து சாயந்திரம் வரைக்கும் நல்லாத்தான் மேஞ்சுது. விடிஞ்சு பார்த்தா நாலு செத்துக் கிடக்கு!" வெயில் ஏறும் மாதங்களில் இந்தப் புலம்பலைக் கேட்காத ஊர் உண்டா?

இது என்ன நோய்?

1926-ல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும், மறு ஆண்டு நம் நாட்டின் மலையூரான ராணிக்கெட்டிலும் கண்டறியப்பட்ட வைரஸ் நோய் இது. அதனால் 'ராணிக்கெட் நோய்' என்றும் பெயர். எச்சம், மூக்குச் சளி, தீவனத் தட்டு, ஏன், நம் செருப்பு மூலமாகக்கூடப் பரவும்.

அடையாளம்

கோழி இரை எடுக்காமல் உறங்கி விழும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். காலும் இறக்கையும் விழுந்துவிடும்.

வந்தபின் என்ன செய்வது?

நோயைத் தீர்க்கும் மருந்து கிடையாது. சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. கொடுங்கள், தவறில்லை, அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

* சோர்ந்த கோழியை உடனே தனியே கூடையில் கவிழ்த்து வையுங்கள். நல்ல கோழிக்குத் தீனி வைத்த பிறகே அதனிடம் போங்கள்.
* செத்ததைக் குப்பையிலோ கண்மாயிலோ போடாதீர்கள். ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.
* கூட்டைக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். ஒரு மாதமாவது புதுக்கோழி வாங்க வேண்டாம்.
* கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இக்கிருமி நம் கண்ணில் பட்டால் கண் சிவந்து உறுத்தும். குழந்தைகளை அண்ட விடாதீர்கள்.
* மீதிக் கோழிகளுக்கு ஊசி போடலாமா என்று கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

சந்தைக்கு வேண்டாம், அக்கா!

"சாகிறதுக்குள்ள வித்துட்டா பாதிக் காசாவது தேறுமே" என்று தோன்றும். கஷ்டப்படுகிற வீட்டில் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்தக் கோழியை வாங்கிப் போகிறவளும் நம்மைப் போல் ஒருத்திதானே? அவள் கொல்லை காலியாகும். அங்கிருந்து நோய் ஊரைச் சுற்றி மறுபடி நம் வாசலுக்கே வரும். சந்தையில் வாங்கிய கோழியையும் இரண்டு, மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு விடுங்கள்.

வருமுன் காக்க

குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து. நாலாம் வாரம் மறுபடி ஒரு சொட்டு. எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். தடுப்பு மருந்து ஐஸிலேயே இருக்க வேண்டும், சூடேறினால் பயனில்லை. விடியற்காலையில் கோழிகளைத் திறந்துவிடும் முன் போடுவது சுலபம்.

கால்நடை பராமரிப்புத் துறை பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில் ஊர் ஊராக முகாம் போட்டு, இந்த ஊசியை இலவசமாகவே போடுகிறது. தை பிறந்ததும் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் நாள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டுக்காரியையும் கூட்டிப் போங்கள். அவள் கோழி தப்பினால்தான் உங்கள் கோழியும் தப்பும்.