குண்டு விழுந்த இடம் வரை கடலூர்



போன மாதக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு அக்கா கேட்டார்: "எம் மவளக் கட்டிக் குடுத்த ஊரு குண்டு உப்பலவாடி. பக்கத்துலயே சுபா உப்பலவாடின்னு இன்னொண்ணு இருக்கு. அது என்னங்க, ஒரு ஊருக்கு மட்டும் குண்டு?" எங்களில் யாருக்கும் உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. மனு கொடுக்க, பேங்க் வேலைக்கு என்று எத்தனை தடவை கடலூர் போயிருப்போம்! அங்கே குண்டு சாலை என்றே ஒரு சாலை இருக்கிறது. ஏன் அந்தப் பெயர் என்று நாங்கள் கேட்டதே இல்லை. விசாரித்தும் படித்தும் பார்த்தோம். இது பீரங்கிக் குண்டு!

நம் பண்ருட்டியில் திருவதிகையை ஒட்டி ஓடுகிற கெடிலம் ஆறு, கடலூரில் தேவனாம்பட்டினத்துக்குப் பக்கத்தில் கடலில் சேருகிறது. அந்த முகத்துவாரத்தில் ஒரு கோட்டை இருந்தது. 1677-ல் சிவாஜி செஞ்சியைப் பிடித்த பிறகு இந்தப் பகுதி மராட்டியர் கைக்கு வந்தது. 1690-ல் செஞ்சிக் கோட்டையில் இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். அதே வருடம் டில்லி பாதுஷா ஔரங்கசீப்பின் படை செஞ்சியை முற்றுகையிட வந்துவிட்டது. சண்டை என்றால் பணம் வேண்டுமே. அவசரத்துக்கு நகையை விற்கப் போனால் வாங்குகிறவர் கைதான் ஓங்கி இருக்கும் என்பது நமக்குத் தெரியாததா? வாங்க வந்தது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி. அப்போது சென்னையில் கம்பெனியின் கவர்னர் எலிஹு யேல் என்பவர்.

விற்றது கோட்டையை மட்டும் அல்ல. கோட்டையில் இருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ, அதுவரைக்கும் உள்ள நிலமும் ஊரும் சேர்த்து விற்பனை. நாம் குழி, காணி, செண்ட் என்று அளப்போம். கூப்பிடு தூரம் என்று வாய்ப்பேச்சில் சொல்வோம். இது குண்டு விழும் தூரம்!

கம்பெனிக்காரர்கள் சும்மா விடுவார்களா? சென்னையில் இருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து அனுப்பினார்கள். எப்படி மருந்து கெட்டித்து, எந்த வாட்டத்தில் சுட்டால் அதிக தூரம் போகும் என்பது பீரங்கிக்காரன் கைத்திறமை என்று எழுதியும் அனுப்பினார்கள். நம்ம ஊரில் எடை போடும்போது தராசுத் தட்டை விரலால் தட்டிவிடுகிற வியாபாரி ஞாபகம்தான் எங்களுக்கு வந்தது. 1690 செப்டம்பரில் சுட்டார்கள். கடலூர்ப் பட்டணமும் சுற்றுக் கிராமங்களும் எல்லைக்குள் வந்துவிட்டன. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நிலைத்தது.

அங்கே குடியிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் நாள் வரை ஒருவருக்கு வரி கட்டிய சனங்கள், குண்டு விழுந்த பிறகு வேறொருவருக்குக் கட்ட வேண்டும். வரி வாங்குகிறவரும் அவரே, வழக்கு விசாரிக்கிறவரும் அவரே. நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் நம் குழுக்களிலும் இருக்கின்றன. எல்லைக்கல் ஒரு அடி இந்தப் பக்கம் வந்தால் என்ன, அந்தப் பக்கம் போனால் என்ன என்பதை அவர்களிடம் கேட்டால் தெரியும்.

கோட்டைக்கு செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டபோது, சில வருடம் இந்தக் கரைக்கே ஆங்கிலேயரின் தலைநகரம் இதுதான். ராபர்ட் கிளைவ் 1756-ல் இங்கே கவர்னராக இருந்தார். சண்டை நம்ம பண்ருட்டியையும் விடவில்லை. பெரிய மதில் இருந்ததால் திருவதிகைக் கோயிலையே படைகள் கோட்டையாக்கிக் கொண்டன. 1750-ல் அதைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். திலகவதியார் அலகிட்டு மெழுகிய வாசலில் பீரங்கி நின்றதை நினைத்தாலே என்னவோ போல இருக்கிறது.

கடைசியில் 1758 ஜூன் மாதம் பிரெஞ்சுத் தளபதி லாலி செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளிவிட்டார். குண்டு போட்டு வாங்கிய கோட்டை 68 வருடம்தான் நின்றது.

யேல் கதை இன்னும் வேடிக்கை. சொந்த வியாபாரத்தில் சம்பாதித்தார் என்ற புகார்களுக்கு இடையே 1692-ல் பதவி போனது. பெரும் பணக்காரராக இங்கிலாந்து திரும்பினார். 1718-ல் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரிக்குப் புத்தகங்களும் துணி முதலான சரக்கு மூட்டைகளும் அனுப்பினார். சரக்கை விற்று வந்த பணம் 562 பவுண்டு. அதற்கு நன்றியாகக் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். இன்றைக்கு உலகமே அறிந்த யேல் பல்கலைக்கழகம் அதுதான்.

அடுத்த முறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சில்வர் பீச் போனால், கெடிலம் பக்கமாகக் கொஞ்சம் நடந்து பாருங்கள். செடி மூடிய செங்கல் சுவர்கள் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. அந்த அக்காவிடமும் சொல்லிவிட்டோம். "அப்ப எஞ் சம்பந்தி வூடு குண்டுக்கு உள்ளதான் இருக்கா?" என்று சிரித்தார்.