கருவாட்டுக்கும் ஒரு மரியாதை

விருந்தாளி வந்தால் கருவாட்டுச் சட்டியை மூடி வைத்துவிட்டு, கடையில் வாங்கிய சொசேஜ்ஜைப் பொரித்து வைக்கும் வழக்கம் எமது வீடுகளிலும் வந்துவிட்டது. ஐரோப்பாவில் பன்றித் தொடையை உப்பிட்டு, மாதக்கணக்காகக் காயவிட்டு ஹாம் என்கிறார்கள். அதை மெல்லிதாகச் சீவி, மணந்து பார்த்து, எந்த ஊர்ச் சரக்கு என்று விசாரித்து உண்கிறார்கள். கருவாடும் உப்பும் காற்றும் பாடம் பண்ணிய உணவுதான். அதன் மணத்துக்கு நாங்கள் ஏன் வெட்கப்பட வேண்டும்?

இந்த வெட்கம் விலையையும் குறைக்கிறது. நான் போய்வரும் கரையோரக் கிராமங்களில் மீனை வெட்டி, கழுவி, உப்பிட்டுக் காயவைப்பவர்களில் பலர் தனியாகக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்கள். விலை சொல்வதோ வாசலுக்கு வரும் வியாபாரி. "கருவாடுதானே அக்கா" என்று அவர் இழுத்தால் இவர்களும் தலையாட்டிவிடுகிறார்கள்.

மயிலிட்டி அம்மா ஒருவர் கருவாடு பார்க்கும் விதத்தை எனக்குக் காட்டித் தந்தார். 1990இல் இடம்பெயர்ந்த மக்கள் அவர்கள். துறைமுகம் விடுவிக்கப்பட்டது 2017 யூலையில்தான். அத்தனை வருடம் கரையை விட்டு இருந்தும் கை மறக்கவில்லை. முதலில் விரலால் அழுத்துவார். பள்ளம் விழுந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. பிறகு மணப்பார். கடல் மணம் நல்லது. மூக்கை அரிக்கும் மணமோ பழைய எண்ணெய் மணமோ கூடாது. இளஞ்சிவப்பாகப் படை படர்ந்திருந்தால் அப்படியே ஒதுக்கிவிடுவார். அது உப்பிலும் வாழக்கூடிய கிருமி. கடைசியாக ஒரு துணுக்கைக் கடித்துப் பார்ப்பார். நறநறத்தால் மணலில் போட்டுக் காயவைத்தது. பெரிய மீனைப் பிளந்து, மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு வைத்து, இடுப்புயரப் பரணில் வலையால் மூடிக் காயவைத்தால் மண்ணும் இல்லை, இலையானும் குறைவு.

ருசியும் மீனுக்கு மீன் வேறு. நெத்தலியைத் தலை கிள்ளி மொறுமொறுப்பாகப் பொரித்து, செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் சேர்த்தால் புட்டுக்கு வேறு கறி தேவையில்லை. கட்டாக் கருவாட்டுக்குக் கத்தரிக்காயும் பழப்புளியும் வேண்டும். முதற்பாலைக் கடைசியில் விடுங்கள், உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள். திருக்கையைத் தணலில் சுட்டுப் பழஞ்சோற்றுடன் சாப்பிட்டவருக்கு நான் சொல்லத் தேவையில்லை!

ஆனால் அளவு முக்கியம். சொசேஜ், ஹாம் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய்க்குக் காரணமானவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகவரகம் 2015இல் சேர்த்தது. சீன முறையில் உப்பிட்ட மீனும் அதே பட்டியலில் உண்டு. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கருவாட்டை நன்றாக ஊறவைத்துக் கழுவினாலும் கொஞ்சமாகவே உண்ண வேண்டும்.

விற்கும் சகோதரிகளே, கட்டா, சுறா, நெத்தலி எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொடுக்காதீர்கள். வகை பிரித்து, பரணில் காய்ந்ததைத் தனியே கட்டி வையுங்கள். வியாபாரி வந்ததும் அழுத்தியும் மணந்தும் பார்க்கச் சொல்லிவிட்டு, விலையை முதலில் நீங்களே சொல்லுங்கள்.