உங்களுக்குத் தெரியுமா? காற்று தாங்கிய கூரை!

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1982-ல் திறக்கப்பட்ட மெட்ரோடோம் அரங்கத்தின் கூரைக்குத் தூணும் கிடையாது, உத்தரமும் கிடையாது. டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைத் துணிதான் கூரை. ராட்சத மின்விசிறிகள் உள்ளே காற்றை அடைத்துக்கொண்டே இருக்க, அது பலூன் மாதிரி உப்பி நின்றது. காற்று வீணாகாமல் இருக்கச் சுழல்கதவுகள் வைத்திருந்தார்கள். சாதாரணக் கதவைத் திறந்தால், பாய்ந்து வரும் காற்று ஆளையே வெளியே தள்ளும்!

பனி கொட்டும் ஊரில் துணிக்கூரை போட்டது துணிச்சல்தான். 2010 டிசம்பர் 12 அதிகாலையில் பாரம் தாங்காமல் துணி கிழிந்தது. உள்ளே ஓடிக்கொண்டிருந்த கேமராவின் கண்ணெதிரே பனி குவியல் குவியலாக மைதானத்தில் வந்து விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. அங்கே நடக்கவேண்டிய வைக்கிங்ஸ்–ஜயன்ட்ஸ் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் மறுநாள் டெட்ராய்ட்டில் நடந்தது. அதற்கடுத்த ஆட்டத்தை உள்ளூர் அணியான வைக்கிங்ஸ் ஆடியது, கூரையே இல்லாத பல்கலைக்கழக மைதானத்தில், கொட்டும் பனியில்!

மெட்ரோடோமை இடித்துவிட்டு அதே இடத்தில் 2016-ல் திறந்த யு.எஸ். பேங்க் அரங்கத்துக்கும் கூரை உண்டு. இந்த முறை பனி வழுக்கி இறங்கும்படி நன்றாகச் சரித்தே கட்டியிருக்கிறார்கள்.