கட்டைக் குரலுக்கும் இடம் வைத்த வாத்தியார்

முப்பது வருசம் தமிழ்ப்பள்ளியில் பாட்டுச் சொல்லிக் கொடுத்தேன். போட்டி நெருங்கினால் கட்டைக் குரல் பையன்களைத் தனியே கூப்பிட்டு, "நீ வாயை மட்டும் அசைடா கண்ணா, சத்தம் வேணாம்" என்பேன். கோப்பையும் வாங்கியிருக்கிறோம். இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தப் பையன்களின் முகம்தான் முதலில் வருகிறது.

மலேசியாவில் சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள் நான். 1960இல் வந்த 'பாதை தெரியுது பார்' படப்பாட்டு ரேடியோவில் போனால், அம்மா பால் வாளி கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். தொழிலாளர் வாழ்வைச் சொன்ன அந்தப் படத்துக்கு இசையமைத்தவர் எம்.பி.எஸ். என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

எம்.பி.எஸ். 1925இல் சித்தூரில் பிறந்தவர். சென்னையில் படிக்கும்போதே மாணவர் இயக்கத்தில் இறங்கினார். பிறகு டில்லியில் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனிடம் வேலை பார்த்தார். சினிமாவுக்கு வந்தபின் வாத்தியக்காரர்களின் கூலிக்காகச் சங்கம் கட்டுவதில் முன்னே நின்றார். தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கு மாதம் தவறாமல் சந்தா கட்டிய என் அப்பாவுக்கு இப்படிப்பட்ட ஆள் பிடித்திருக்கும்.

மலையாளத்தில் அவருக்குப் பெரிய பேர். யேசுதாஸ் முதன்முதலில் சினிமாவுக்குப் பாடியது 1961இல், இவர் இசையில்தான். அடூர் கோபாலகிருஷ்ணனின் 'எலிப்பத்தாயம்' படத்துக்கும் இவர்தான் இசை. ஜான் ஆபிரகாமின் 'அக்ரகாரத்தில் கழுதை'யில் கழுதைக்குட்டியை வளர்க்கும் பேராசிரியராக நடித்தவரும் இவரே.

ஆனால் நான் அவரை வாத்தியார் என்று கும்பிடுவது வேறொன்றுக்காக. 1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அவர் உருவாக்கினார். நம் கோயில் பஜனையில் நூறு பேர் பாடினாலும் மெட்டு ஒன்றுதான். சேர்ந்திசையில் அப்படி இல்லை. ஒரு வரிசை 'ஸ' பிடிக்கும். அதே நேரம் இன்னொன்று 'க', மற்றொன்று 'ப'. மூன்றும் கலந்து ஒரே ஒலியாக எழும். மேல்நாட்டுத் தேவாலயங்களில் பழகிய முறை இது. எம்.பி.எஸ். அதைப் பாரதியார் பாட்டுக்குக் கொண்டுவந்தார். அடுத்தவர் சுரத்தைக் கேட்டுக்கொண்டே தன் சுரத்தை விடாமல் பிடிக்கப் பழக வேண்டும். இதில் கட்டைக் குரல் ஒரு குறையல்ல. அடித்தளமே அதுதான்.

இப்படிக் கூடிப் பாடுவது ஊறிப்போன நாடுகளும் உண்டு. எஸ்தோனியா என்ற சின்ன நாட்டில் 1869 முதல் பாட்டுத் திருவிழா நடக்கிறது. குஸ்தாவ் எர்னெசாக்ஸ் என்ற சேர்ந்திசை ஆசான் மெட்டமைத்த ஒரு பாட்டை, சோவியத் ஆட்சிக் காலத்தில் மக்கள் தங்கள் நாட்டுக்கீதம்போல் பாடினார்கள். அங்கே ஒரு மைதானமே கூடிப் பாடும். அந்தப் பழக்கமே இல்லாத நம்மிடையே எம்.பி.எஸ். முதல் சுரத்திலிருந்து தொடங்கினார். 1988 மார்ச்சில், லட்சத்தீவுக்குப் போயிருந்தபோது அங்கேயே காலமானார்.

ஓய்வு பெற்றபின் இப்போது வெள்ளிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாட வைக்கிறேன். வெளியே மலை உடைத்த கல்லை ஏற்றிக்கொண்டு லாரிகள் போகும். ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவனுக்குக் குரல் உடைந்துவிட்டது. வழக்கம்போல வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு, "நீ கீழ் 'ஸ'வைப் பிடி, விடாதே" என்றேன்.

போன வாரம் லாரிச் சத்தத்தில் பெண்பிள்ளைகள் சுருதி நழுவினார்கள். அவன் நகரவில்லை. இரண்டு அடி போவதற்குள் அவர்கள் அவனிடம் திரும்பி வந்து சேர்ந்தார்கள்.

பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது கேட்டான்: "டீச்சர், அடுத்த வாரமும் எனக்கு அதே சத்தந்தானா?"

"அதேதான்டா."