மூடிய வாயிலும் முன்செய்த தெரிவும்: லினக்ஸ் முறைமையில் உட்புகல் தடைகள் பற்றிய ஒரு நோக்கு

கணினியொன்றில் லினக்ஸ் பணிசெயல் முறைமையைப் புதிதாக நிறுவிய ஒருவர், நிறுவல் குறையின்றி முடிவுற்ற பின்னரும், முதன்முறை உட்புக முயலும்போது தடுக்கப்படுவதுண்டு. கடவுச்சொல் தவறு என்கிறது திரை. அக்கடவுச்சொல்லைச் சற்று முன்னர் தாமே அமைத்தமை பற்றி அவருக்கு ஐயமில்லை. இந்நிலையிற் பலரும் கைக்கொள்ளும் வழி, யாவற்றையும் அழித்து மீண்டும் நிறுவுதலேயாகும். அவ்வழி பெரும்பாலும் தேவையற்றது என்பதையும், தடை எழும் இடத்தைப் படிமுறையாக இனங்காணலாம் என்பதையும், தடைகளுட் சில தனிமனித மறதியினாலன்றி முறைமைக்குள் முன்னரே செய்துவைக்கப்பட்ட தெரிவுகளினால் எழுவன என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விடயத்தைப் புதுக்குடியிருப்பை மனங்கொண்டு நோக்குவதற்குக் காரணமுண்டு. பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் அமைந்த இவ்வூர் 2009ஆம் ஆண்டின் முற்பகுதியிற் போர்க்களமாயிற்று. வன்னியிலிருந்து வெளியேறிய மக்களுட் பெருந்தொகையினர் வவுனியாவின் மெனிக் பாம் முகாமில் வைக்கப்பட்டனர். அம்முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் இழந்து மீண்ட மக்களிடையே, வன்றட்டிற் சேமித்த ஒரு பிரதியின் பெறுமதி பிற இடங்களில் உள்ளதைவிட மிகுதியாகும். முன்னைய கோப்புகளை வைத்துக்கொண்டே பழைய கணினியில் லினக்ஸ் நிறுவப்படுவதுமுண்டு. அவ்வாறாயின், மீள்நிறுவலின்போது செய்யும் ஒரேயொரு பிழையான தெரிவு அனைத்தையும் துடைத்துவிடும். ஆகவே வாயில் ஏன் மூடியுள்ளது என்பதை அறிதல் இங்கு வெறும் தொழினுட்ப ஆர்வமன்று.

1. கடவுச்சொல்லின் சமூகத் தோற்றம்

கடவுச்சொல் கணினியோடு உடன்பிறந்ததன்று. 1960களின் தொடக்கத்தில் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் உருவான நேரப்பகிர்வு முறைமையிலேயே அது பயன்பாட்டுக்கு வந்தது. மிக விலையுயர்ந்த ஓர் இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தமையால், ஒவ்வொருவருடைய கோப்புக்கும் ஓர் எல்லை தேவைப்பட்டது. பற்றாக்குறையான உற்பத்திச் சாதனத்தைப் பலர் பங்கிடும் நிலையில் உரிமை பற்றிய விதிகள் தோன்றுதல் வரலாற்றில் நாம் காணும் பொதுவியல்பாகும். 1969இற் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடக்கிவைத்த யுனிக்ஸ் அவ்வமைப்பை உள்வாங்கிக்கொண்டது.

இதற்கு எதிர்க்குரலும் அக்காலத்திலேயே எழுந்தது. மேற்குறித்த நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ரிச்சட் ஸ்டோல்மன், கடவுச்சொல் முறை அங்கு புகுத்தப்பட்டபோது, அதனை வெறுமையாக விடுமாறு சக பயனாளரை வேண்டினார். அவர் 1983இல் அறிவித்த குனூ திட்டமும், லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கருவும் இணைந்தே நாம் இன்று லினக்ஸ் என வழங்கும் முறைமை உருவாயிற்று. வாயிலை வெறுத்தவரின் முயற்சியிற் பிறந்த முறைமையும் வாயிலோடுதான் வருகிறது. எனினும் ஒரு வேறுபாடுண்டு: அவ்வாயில் எவ்வாறு அமைந்தது என்பதை எவரும் பார்க்கலாம், திருத்தலாம். இவ்வேறுபாடே பின்வரும் விளக்கத்துக்கு அடிப்படையாகும்.

2. தடையின் வகை

முதலில் மூன்று நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும். கடவுச்சொல் தவறு என முறைமை மறுத்தல் ஒன்று. கடவுச்சொல்லை ஏற்றுக் கணப்பொழுது திரை கறுத்து, மீண்டும் அதே உட்புகல் திரைக்கே திரும்புதல் மற்றொன்று. உட்புகல் திரையே தோன்றாதிருத்தல் மூன்றாவது. மூன்றாவது நிலை நிறுவலின் குறையோடு தொடர்புற்றது. அது நமது ஆய்வெல்லைக்குப் புறம்பானது. ஏனைய இரண்டும் ஒரே முடிவைத் தருவனபோலத் தோன்றினும் காரணத்தால் முற்றிலும் வேறானவை. இரண்டாவது நிலையிற் கடவுச்சொல்லை மாற்றுவதாற் பயன் யாதுமில்லை.

இவற்றைப் பிரிப்பதற்கு எளிய சோதனையுண்டு. உட்புகல் திரையில் நின்றபடி கன்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 ஆகிய சாவிகளை ஒருங்கே அழுத்தினால் எழுத்து மாத்திரம் கொண்ட கறுப்புத் திரை தோன்றும். அங்கே பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இடுதல் வேண்டும். கடவுச்சொல்லை இடும்போது அத்திரையில் எதுவும் தோன்றாது. புள்ளியோ உடுக்குறியோகூட வராது. சாவிப்பலகை பழுதுற்றது எனப் புதியவர்கள் மயங்குவது இங்கேதான். கண்டுகொள்ளாது தட்டி முடித்தல் வேண்டும். அங்கே உட்புக முடியுமாயின் கடவுச்சொல் சரியானது. குறை வரைபுத் திரையின் பக்கம் உள்ளது.

மறுக்கப்படின், பயனர் பெயரை முதலில் நோக்குதல் வேண்டும். நிறுவலின்போது முழுப்பெயரும் பயனர் பெயரும் தனித்தனியே கேட்கப்படுகின்றன. பின்னையதே, சிறிய ஆங்கில எழுத்துகளில், இங்கு செல்லுபடியாகும். ரூட் எனும் தலைமைக் கணக்கில் உட்புக முயல்வது பிறிதொரு தவறு. உபுண்டுவில் அக்கணக்கு இயல்பாகவே பூட்டப்பட்டுள்ளது. டெபியனில் நிறுவலின்போது ரூட்டின் கடவுச்சொல்லை வெறுமையாக விட்டால் அது பூட்டப்பட்டு, நிருவாக உரிமை முதற் பயனருக்கு அளிக்கப்படும். பொறுமையிழந்து மீண்டும் மீண்டும் முயல்வதும் தீங்காகலாம். ஆர்ச் வழங்கலில் 15 நிமிடத்துள் 3 முறை தவறினால் அக்கணக்கு 10 நிமிடத்துக்கு அடைபடும். அவ்வேளையிற் சரியான கடவுச்சொல்லும் மறுக்கப்படும்.

3. இயல்புநிலை எனும் தெரிவு

மேற்கூறியவற்றிலும் ஆழமான காரணம் சாவிப்பலகைக் கோலத்தில் உள்ளது. கடவுச்சொல் புள்ளிகளாக மறைக்கப்படுவதால், நாம் தட்டும் சாவி எந்த எழுத்தைத் தருகிறது என்பது நமக்குத் தெரிவதில்லை. நிறுவலின்போது ஒரு கோலமும் உட்புகலின்போது வேறொரு கோலமும் இயங்கினால், விரல் அதே சாவியைத் தொட்டாலும் எழுத்து வேறாகிவிடும்.

இவ்விடத்தில் ஓர் உண்மை மனங்கொள்ளத்தக்கது. லினக்ஸ் முறைமைகள் பயன்படுத்தும் சாவிப்பலகைக் கோலங்களின் பட்டியலில், இலங்கை என்னும் நாட்டுக் குறியீட்டின் இயல்புக் கோலம் சிங்கள ஒலியியற் கோலமாகும். தமிழ்க் கோலம் அதன் கீழ் ஒரு வேறுபாடாகவே இடம்பெறுகிறது. அதுவும், 1999இற் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டின் வழிவந்த தமிழ்நெற் 99 கோலமேயன்றி, இலங்கையில் நியமமாகக் கொள்ளப்பட்ட ரெங்கநாதன் கோலமன்று. புதுக்குடியிருப்பில் இருந்து, தமது நாடு இலங்கை எனக் கருதி அதனையே தெரிவு செய்யும் ஒருவர், தாம் அறியாத எழுத்துகளில், தாம் காணாத கடவுச்சொல்லை அமைத்துவிடக்கூடும். ஆங்கிலக் கோலத்தையும் சில நிறுவிகள் உடன் சேர்த்துவிடுகின்றன. அப்போது எது இயங்குகிறது என்பதே கேள்வியாகிறது.

இதனை ஓர் அரசின் திட்டமிட்ட செயலாகக் கொள்வது மேலோட்டமான வாசிப்பாகும். அதே பட்டியலில் இந்தியா என்பதன் இயல்புக் கோலம் தேவநாகரி. சென்னையிலிருந்து தெரிபவருக்கும் இதே கதிதான். பட்டியலின் அலகு மொழியன்று, நாடு. ஒரு நாட்டுக்கு ஒரு முதன்மைக் கோலம் என்பது அதன் உள்ளுறை எடுகோள். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்திற் சிங்களம் மட்டும் இடம்பெற்றதையும், 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தின் பின்னரே தமிழும் அரசகரும மொழியாயிற்று என்பதையும் அறிந்த வாசகருக்கு இவ்வெடுகோள் புதியதாக இராது. தேசிய அரசு எனும் வடிவத்தின் முரண்பாடு, எவரும் கருதிச் செய்யாமலே, கருவியின் பட்டியலுக்குள்ளும் படிந்துவிடுகிறது. இயல்புநிலை என்பது இயற்கையன்று. என்றோ எவரோ செய்த தெரிவு, பின்னர் எவராலும் வினவப்படாது நிலைபெற்றமையே அது.

பரிகாரம் எளிது. உட்புகல் திரையின் மூலையிலுள்ள மொழிக்குறியை நோக்கி ஆங்கிலத்துக்கு மாற்றுதல். பேரெழுத்துப் பூட்டும் எண் பூட்டும் எந்நிலையில் உள்ளன எனப் பார்த்தல். பயனர் பெயருக்குரிய கட்டத்தில், அருகில் எவருமில்லாதபோது, கடவுச்சொல்லைத் தட்டி எழுத்துகளைக் கண்ணாற் கண்டு அழித்துவிடுதல் ஆகியன போதும். நிறுவலின்போது ஆங்கிலக் கோலத்தையே முதலாவதாக வைத்து, தமிழ்க் கோலத்தைப் பின்னர் சேர்ப்பது இப்போதைக்குப் பாதுகாப்பான வழியாகும்.

4. ஏற்றபின் திருப்பும் வாயில்

கறுப்புத் திரையில் உட்புக முடிந்தும் வரைபுத் திரை திருப்பி அனுப்புமாயின் மூன்று காரணங்களைத் தேடலாம். வன்றட்டு நிரம்பியிருத்தல் முதலாவது. புதிய கோப்பொன்றை எழுத இடமின்றி அமர்வு தொடங்காது. பயனரின் வீட்டுக் கோப்புறையிலுள்ள அமைப்புக் கோப்புகள் ரூட்டின் உடைமையாகிவிடுதல் இரண்டாவது. நிருவாக உரிமையோடு வரைபுச் செயலிகளை இயக்குவோருக்கு இது நேர்வதுண்டு. உடைமையை உரியவருக்கு மீட்டளித்தால் வாயில் திறக்கும். வரைபு அட்டையின் இயக்கி பொருந்தாமை மூன்றாவது. உட்புகல் திரையிற் பிறிதோர் அமர்வு வகையைத் தெரிந்து பார்த்தல் அதற்கு முதற்படி.

5. மீட்சியும் அதன் எல்லையும்

கடவுச்சொல் உண்மையிலேயே மறந்துபோயின், அதனை எவராலும் மீட்டுத்தர முடியாது. ரொபர்ட் மொறிஸ், கென் தொம்சன் ஆகியோர் 1979இல் விளக்கியவாறு, முறைமை கடவுச்சொல்லைச் சேமிப்பதில்லை. அதனின்று ஒருவழியாகக் கணிக்கப்பட்ட குறியையே சேமிக்கிறது. லினக்ஸில் அக்குறிகள் தங்கும் கோப்பின் பெயர் நிழல் எனப் பொருள்படும் ஷாடோ என்பதாகும். நிழலிலிருந்து உருவைப் பெற முடியாது; ஆனால் புதிய நிழலொன்றை வரையலாம். கணினி தொடங்கும்போது தோன்றும் குரூப் பட்டியலில் மீட்பு நிலையைத் தெரிந்து, கோப்பு முறைமையை எழுதத்தக்கதாக்கி, கடவுச்சொல்லை மாற்றும் கட்டளையை இடுவது உபுண்டுவில் உள்ள வழி. இதற்கு இணைய இணைப்புத் தேவையில்லை. ரூட் பூட்டப்பட்ட டெபியனில் மீட்பு நிலையும் மறுக்கப்படலாம். அப்போது நிறுவலுக்குப் பயன்பட்ட யூஎஸ்பி குச்சியைக் கொண்டு கணினியைத் தொடக்கி, வன்றட்டினுட் புகுந்து மாற்றலாம், கோப்புகளும் அழியா.

இவ்வழிக்கு ஓர் எல்லையுண்டு. நிறுவலின்போது வன்றட்டை மறையாக்கம் செய்திருப்பின், அதற்குரிய தொடர் மறந்தால் மீட்சியே இல்லை. இவ்விரண்டும் ஒரே உண்மையின் இரு பக்கங்கள்: கணினியைக் கையில் வைத்திருப்பவர் சாதாரண வாயிலைத் திறக்கலாம் என்பது உரிமையாளருக்கு மாத்திரமன்றிப் பறித்தவருக்கும் பொருந்தும். மறையாக்கம் இருவரையும் ஒருங்கே தடுக்கும். எதனைத் தெரிவது என்பதை, தமது நிலைமையை எண்ணி, பயனரே தீர்மானித்தல் வேண்டும்.

தொகுத்து நோக்குமிடத்து, உட்புகல் தடை கணினியின் மர்மமன்று. படிப்படியாக அமைந்த தெரிவுகளின் விளைவு. அவற்றை அறிந்தவர் ஊரில் ஒருவரே இருந்து, அவரும் வவுனியாவுக்கோ கொழும்புக்கோ சென்றுவிடின், பலருக்குப் பொதுவான கணினியொன்று பயனற்றுக் கிடக்கும். இலவசமாகக் கிடைப்பதனால் மாத்திரம் ஒரு கருவி நமதாகிவிடாது. ஆகவே நிறுவுபவர் பயனர் பெயர், சாவிப்பலகைக் கோலம், ரூட்டின் நிலை, மறையாக்கம் உண்டா இல்லையா என்பவற்றை ஒரு கொப்பியிற் குறித்துவைத்தலும், நிருவாக உரிமையுள்ள இரண்டாவது கணக்கொன்றை அமைத்தலும், நிறுவற் குச்சியைப் பேணுதலும், இவ்வறிவை மற்றொருவருக்காவது கையளித்தலும் இன்றியமையாதன. பட்டியலைத் திருத்தும் பணியும் எஞ்சியுள்ளது. மூலநிரல் திறந்திருக்கின்றது, அப்பணி நம்மவரின் உழைப்பை வேண்டி நிற்கின்றது.